கணக்கு எடுத்த கைகளும் கஞ்சி வார்த்த கைகளும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளிவிழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கொள்ளை நோய். விழாக் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், "நல்ல நாளும் அதுவுமாக வாந்திபேதியைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்று கேட்டார். கேட்டது நியாயமே. ஆயினும் நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்த நாளில், ஒரு தெருவில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூட வயதை எட்டுவர் என்பதை ஆசிரியரும் அரசும் முடிவு செய்வதற்கு முன்பே இந்நோய் முடிவு செய்துவிட்டது. எழுத்து அறிந்தவர் கையில் இருந்த ஏட்டில் நம் சாவுகள் எவ்வாறு எழுதப்பட்டன என்பதும் இக்கதையில் அடங்கும். ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் நம் இரு நகரங்களும் எவ்வாறு இருந்தன என்பதை முதலில் மனத்தில் கொள்வோம். கடலூர் 1866ஆம் ஆண்டிலும், சிதம்பரம் 1873ஆம் ஆண்டிலும் நகராட்சிகள் ஆயின. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கடலூரில் 52,216 பேரும், சிதம்பரத்தில் 19,909 பேரும் வாழ்ந்தனர். பழைய நகரம், மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர் என்று பிரிந்து கிடந்த கடலூரில் துறைமுகம் இருந்தது. தென்னாற்காடு மாவட்டத்தின் கலெக்டர் கச்சேரியும் இருந்தது. சிதம்பரமோ கோயில் நகரம். ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் வந்தால் ஊரின் மக்கள்தொகையைப் போலப் பன்மடங்கு கூட்டம் சில நாள்களுக்குள் வந்து குவியும். இரயில் வந்தபின் அக்கூட்டம் மேலும் பெருகியது. யாத்திரிகர் குளித்ததும் குடித்ததும் அதே குளங்கள். தங்கியது சத்திரங்களிலும் திண்ணைகளிலும். திருவிழாவும் வாந்திபேதியும் கைகோத்து நடப்பவை என்பதை அக்காலத்துச் சுகாதார அதிகாரிகள் அனைவரும் அறிந்திருந்தனர். பின்னாளில் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே தனி அதிகாரம் ஒன்றை வகுத்தது இந்த அனுபவத்தின் விளைவேயாகும்.

இனி, நோய் வந்த செய்தி எவ்வழியாக அரசை அடைந்தது என்று பார்ப்போம். பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்வதற்கென்று சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்யப்பட்டது. கிராமத்தில் முன்சீப்பு அந்த ஏட்டை எழுதினார். வாந்திபேதியோ வைசூரியோ தோன்றினால் அவர் தாசில்தாருக்கு உடனே எழுத வேண்டும். அங்கிருந்து மஞ்சக்குப்பத்துக்கும், அங்கிருந்து சென்னையில் இருந்த சானிட்டரி கமிஷனருக்கும் அச்செய்தி போகும். ஏட்டுச் சங்கிலி இவ்வளவே. ஆனால் முன்சீப்புக்குச் செய்தி சொன்னவர் யார்? ஒரு வீட்டில் உயிர் பிரிந்ததும் அங்கே முதலில் அழைக்கப்பட்டவர் வெட்டியான். குழி வெட்டியவரும், சாவுச் செய்தியை ஊர் ஊராக நடந்து சொன்னவரும், பறை அடித்தவரும் அவரே. முன்சீப்பின் திண்ணைக்குக் கீழே தெருவில் நின்று, "இன்னார் வீட்டில் இரவு பேதியாகி விடியற்காலம் போய்விட்டார் சாமி" என்று சொன்னவரும் பெரும்பாலும் அவரே. நகராட்சி எல்லைக்குள் இடுகாட்டிலும் சுடுகாட்டிலும் நின்றவர்களும், தெருக்கழிவை அள்ளியவர்களும் நம் மக்களும் நம்மைப்போல் ஒதுக்கப்பட்ட பிற மக்களுமே.

இன்று 'நோய்க் கண்காணிப்பு' என்ற சொல்லைப் பெரிய அலுவலகங்களில் கேட்கிறோம். அதன் முதற்கண் எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர். எந்தத் தெருவில் எத்தனை குழி விழுந்தது என்பதை அவரினும் விரைவாக அறிந்தவர் எவரும் இலர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவ்வேலை அவர்மேல் சாதியால் சுமத்தப்பட்டது. அதற்குக் கிடைத்தது களத்தில் அளந்து போட்ட சில படி தானியமும், சில இடங்களில் துண்டு மானிய நிலமும். நோய்ப்பட்ட பிணத்தைத் தொட்ட கையைக் கழுவிக்கொள்ள ஊர்க் கிணற்றில் அவருக்கு உரிமை இல்லை.

அவர் சொன்ன செய்தி ஏட்டில் ஏறும்போது என்னவாயிற்று என்பதையும் கவனிக்க வேண்டும். அக்காலத்து இந்தியச் சாவுக் கணக்குகளைப் புரட்டியவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். இறந்தோரில் பெரும் பங்கினர் 'காய்ச்சல்' என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கிடப்பர். மலைக்காய்ச்சல், குடற்காய்ச்சல், சளிக்காய்ச்சல், பிள்ளை பெற்றபின் வந்த காய்ச்சல் எல்லாம் அங்கே ஒன்றுதான். மருத்துவர் எவரும் பார்க்காத சாவுக்கு வேறென்ன காரணம் எழுத முடியும்? பிறந்து சில நாளில் இறந்த குழந்தை பிறப்பேட்டிலும் ஏறாது, இறப்பேட்டிலும் ஏறாது. சேரியில் நடந்த சாவுக்காக முன்சீப்பு வந்து விசாரிக்க மாட்டார்; தெருவில் நின்றவர் சொன்ன ஒரு சொல்லே போதுமானது. வாந்திபேதி என்று எழுதினால் மேலதிகாரி வருவார், கேள்வி கேட்பார். காய்ச்சல் என்று எழுதினால் எவரும் வரமாட்டார். இந்த வசதியை நாம் மறந்துவிடக் கூடாது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது? அங்கே தொற்றுநோய் அறிவிப்புச் சட்டம் 1889இல் வந்தது. 1899இல் நாடு முழுமைக்கும் கட்டாயம் ஆயிற்று. வீட்டுக்கு வந்த மருத்துவர் தொண்டை அடைப்பான் நோயையோ செங்காய்ச்சலையோ கண்டால் நகரின் சுகாதார அதிகாரிக்கு எழுதியாக வேண்டும். அதற்கு அவருக்குக் கட்டணமும் உண்டு. அதற்கும் முன்பே, 1859இல், லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர் ஒரு தாதியைச் சம்பளம் கொடுத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். தம் மனைவி இறக்கும் தறுவாயில் அத்தாதி செய்த பணிவிடையைக் கண்டவர் அவர். பணம் படைத்த தம் வீட்டிலேயே தாதியின் கை இவ்வளவு உதவிற்று என்றால், ஒன்றும் இல்லாத வீட்டில் எவ்வளவு உதவும் என்று எண்ணினார். அதிலிருந்து வளர்ந்ததே வீடு தேடிச் செல்லும் தாதியர் முறை. ஆக அந்நாட்டில் நோயின் பெயர் ஏட்டில் ஏறிய பின், வீட்டுக்குள் யாரேனும் நுழையும் வழியும் மெல்ல மெல்ல உண்டாயிற்று.

நம் நாட்டிலும் நகரங்களில் சட்டம் வந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டப்படி, கொடிய தொற்றுநோயை அறிந்த மருத்துவரும், மருத்துவர் இல்லாதவிடத்து வீட்டுக்குரியவரும் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் யார் வருவார்? கிணற்றில் மருந்து போடுபவர் வருவார். ஆக்ராவில் இருந்த ஹாங்கின் என்ற அறிஞர் பரவச் செய்த முறைப்படி பொட்டாசியம் பர்மாங்கனேட்டைக் கரைத்துத் தண்ணீர் சிவக்கும்வரை ஊற்றுவர். அம்மை குத்துபவர் வருவார். அவர் கையில் இருந்த பால் 1899இல் கிண்டியில் நிறுவப்பட்ட கிங் நிலையத்திலிருந்து வந்திருக்கும். தமுக்கு அடிப்பவர் வருவார், அவரும் நம்மவரே. சட்டியைத் தூக்கிக் கொண்டு, நோயாளியின் பாய்க்கருகே அமரும் தாதி மட்டும் வரவில்லை.

கிணற்றைச் சொன்னோம், அதில் சற்று நிற்போம். வாந்திபேதியின் கிருமியை 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே கண்டறிந்தார். அன்றிலிருந்து அறிவியலின் தீர்ப்பு ஒன்றே: குடிக்கும் நீரைக் காப்பாற்று. சேரியில் இருந்தவர்கள் எந்த நீரைக் காப்பாற்றுவது? நல்ல கிணறு ஊரில் இருந்தது. அதில் அவர்கள் குடம் இறங்கக் கூடாது. மிஞ்சியது வாய்க்கால், வயல் மடை, மாடு இறங்கும் குட்டை. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெருக்களிலும் பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் ஆதிதிராவிடர்க்கும் பிறரைப் போல் உரிமை உண்டு என்றது. பள்ளிப் புத்தகங்கள் அதனை மான உரிமை என்ற பகுதியில் வைக்கும். நாம் அதனைச் சுகாதார வரலாற்றிலும் வைக்க வேண்டும் என்கிறோம். அந்த ஒரு குடம் நீர் ஒரு குடும்பத்தின் உயிராக இருந்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது, கிணற்றடியில் இல்லை என்பதையும் பெரியோர் அறிவர். குடத்தை இறக்கியவர்கள் எத்தனை ஊர்களில் எத்தனை அடி வாங்கினர் என்பதைச் சொல்ல இந்த ஒரு மாலை போதாது.

இனிப் பொருளின் நடுவுக்கு வருவோம். 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வாண்டின் கடைசி மாதங்களில் அது இந்தியா முழுவதும் பரவிற்று. ஒரு கோடியே இருபது இலட்சத்துக்குக் குறையாமல் மாண்டனர் என்பர். அதனினும் மிகுதி என்பாரும் உளர். பம்பாய் நகரில் மட்டும் அந்தச் சாவுகளைச் சமூகவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டு வைத்தனர். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9.0, சாதி இந்துக்கள் 18.9, முஸ்லிம்கள் 19.2, தாழ்ந்த சாதியார் என்று அந்த ஏடு குறித்த நம்மவர் 61.6.

இவ்வெண்களை இளைஞர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் காய்ச்சலுக்கு அன்று மருந்து கிடையாது. ஐரோப்பியருக்கும் கிடையாது, பார்சிக்கும் கிடையாது. நோய் காற்றில் வந்தது. மாளிகையிலும் நுழைந்தது, குடிசையிலும் நுழைந்தது. மருந்து யாருக்குமே இல்லாத ஒரு நோயில், ஒரே நகரில், ஒருவர் சாவும் மற்றவர் சாவும் ஏழு மடங்கு எப்படி வேறுபடும்? சாதி இந்துக்களோடு ஒப்பிட்டாலும் மூன்று மடங்குக்கு மேல். நெருக்கமான குடியிருப்பு ஒரு காரணம். அவ்வாண்டு மழை பொய்த்து விலைவாசி ஏறியதால் ஒட்டிய வயிறு இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை எவரும் எண்ணால் அளந்ததில்லை. ஆயினும் நோய் கண்ட வீட்டில் இருந்தவர் எல்லாரும் அதை அறிவர். வீட்டில் ஐவரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் அடுப்பு மூட்ட ஆள் இல்லை. வெந்நீர் வைக்க ஆள் இல்லை. தொண்டை நனைக்க ஒரு வாய் கஞ்சி ஊற்ற ஆள் இல்லை. படுத்தவர் கூலிக்குப் போகாவிட்டால் மறுநாள் அரிசி இல்லை. அதனால் காய்ச்சலோடு எழுந்து போனவர் வயலிலேயே விழுந்தார். வேலைக்காரர் உள்ள வீட்டில் நோயாளி படுத்திருக்க முடிந்தது. படுத்திருப்பதே அன்று இருந்த ஒரே வைத்தியம்.

இதனால்தான் வீட்டுப் பணிவிடையைச் சிறிய பொருளாக நாம் கருதுவதில்லை. நம் பாட்டிமார் அதில் தேர்ந்தவர்கள். அம்மை கண்ட வீட்டை எண்ணிப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகுவர்; அதைக் கண்டவர் உள்ளே வரமாட்டார். நோயாளிக்குத் தனிப் பாய், தனிச் சட்டி; தாளிதம் இல்லை; இளநீர், நீர்மோர், பழைய சோற்று நீர். உடலை வேப்பிலைக் கொத்தால் தடவுவரேயன்றிச் சொறிய விடமாட்டார். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் விட்ட பின்பே அவர் வெளியே வரலாம். இதில் அம்மனை நம்புவோர் நம்பட்டும். நம்பாதவரும் இதற்குள் தனிமைப்படுத்தல் இருக்கிறது, நீராகாரம் இருக்கிறது, புண்ணைக் காக்கும் முறை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வைசூரியை இம்முறை தடுத்துவிடவில்லை. அதைத் தடுத்தது அம்மைப்பால். அம்மை குத்த வந்தவரைக் கண்டு பிள்ளையைக் குதிருக்குள் ஒளித்த வீடுகளும் நம்மிடம் இருந்தன. அதனால் இழந்த பிள்ளைகளும் உண்டு. 1977இல் இந்தியாவில் வைசூரி ஒழிந்தது என்று உலக நல அமைப்பின் குழு அறிவித்தபோது வென்றது அந்த ஊசியேயாகும். பாட்டியின் அறிவைப் போற்றுவது வேறு, அதற்குமேல் ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவது வேறு.

வாந்திபேதியில் நிலை இன்னும் சிக்கலானது. அந்நோயில் உயிரைக் கொல்வது உடலின் நீரும் உப்பும் வெளியேறுவதே. கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் என்ற மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உப்புநீரை நரம்புவழி ஏற்றிச் சாவைப் பெரிதும் குறைத்தார். ஆனால் அது ஆஸ்பத்திரி வைத்தியம். இரவு பத்து மணிக்குப் பேதி கண்டவர், மாட்டுவண்டி கிடைத்து, வண்டிக்காரர் ஏற்றிக்கொள்ள உடன்பட்டு, கடலூர் ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் விடிந்துவிடும், பலருக்கு விடியாது. வீட்டிலோ, தாகம் தாகம் என்று கதறியவருக்குத் தண்ணீர் கொடுக்கலாகாது என்ற எண்ணம் வேரூன்றி இருந்தது. கொடுத்தால் மீண்டும் வாந்தி எடுப்பார் என்று அஞ்சினர். படித்த வைத்தியர்களிலும் அவ்வாறு எண்ணியவர்கள் இருந்தனர். "தண்ணி தண்ணின்னு கேட்டாளே, நான் கொடுக்காமப் போனேனே" என்று சாகும்வரை புலம்பிய ஒரு மூதாட்டியை நம் இளமையில் நாம் அறிவோம். அவர் குற்றம் செய்யவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதைச் செய்தார்.

உண்மை வெளிப்பட்டது வெகு காலத்துக்குப் பிறகே. 1971இல் வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் பன்காவ் முகாமில் வாந்திபேதியால் மாண்டுகொண்டிருந்தனர். நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோசு, சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை நீரில் கலந்து பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்துப் பருகச் செய்தார். நூற்றுக்கு 30 பேர்வரை மாண்ட இடத்தில் சாவு 3.6 ஆகக் குறைந்தது. கவனியுங்கள்: அங்கே தாதி யார்? தாயும் தமக்கையும். ஊசி இல்லை, கட்டில் இல்லை. குவளையும், விடாமல் புகட்டும் பொறுமையுமே இருந்தன. பின்னர் நடந்த ஆய்வுகளில் சர்க்கரைக்குப் பதில் அரிசிமாவைக் காய்ச்சிச் செய்த உப்புக்கஞ்சியும் வாந்திபேதிக்கு நன்கு பயன்படுவது தெரிந்தது. நம் வீட்டு அடுப்பில் என்றும் இருந்த பொருள்கள் அரிசியும் உப்பும். இவ்வளவு அருகில் இருந்த ஒன்றை அறியாமல் எத்தனை தலைமுறை கதறிற்று என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

வீட்டில் செய்யும் அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சிறப்பு மலரில் அச்சேறினால் யாருக்கேனும் உதவும். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீர். தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை. தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. மடக்கு மடக்காகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் புகட்ட வேண்டும். சிறுநீர் போகாவிட்டால், கண் குழிந்தால், பிள்ளை சோர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். போகும் வழியிலும் புகட்டுவதை நிறுத்தக் கூடாது.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கி, எங்கெங்கோ இருந்து வந்த நம் பிள்ளைகளை ஒரு கூரையின் கீழ்ச் சேர்த்தார். வாந்திபேதியும் அம்மையும் உலவிய நாளில் அத்தனை பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்பது எத்தகைய துணிவு என்பதை, இன்று விடுதி நடத்தும் நம் சங்கத்தார் உணர்வர். ஒரு பிள்ளைக்குச் சொறி வந்தால் ஒரு வாரத்தில் முப்பது பேருக்கு வருகிறது.

பிற்காலத்து நிகழ்ச்சிகளைச் சுருங்கச் சொல்வோம். 1922இல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்குத் தனித்துறை உண்டாயிற்று. 1939இல் சட்டம் வந்தது. 1980இல் பரம்பரை முன்சீப்பும் கர்ணமும் ஒழிந்தனர். தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் ஏட்டை வாங்கினார். வெட்டியான் பேரன் அந்த நாற்காலியில் அமர்ந்ததையும் நாம் கண்டோம். தெருவில் நின்று சாவைச் சொன்னவரின் வழியில் வந்தவர் அதே சாவுக்குச் சான்றிதழில் கையெழுத்திட்டார்.

பின்னர் 2020 வந்தது. அவ்வாண்டு மே மாதம் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கிய தொழிலாளர் லாரிகளில் ஊர் திரும்ப, நம் கடலூர் மாவட்டத்தில் கொரோனா தொற்று திடீரென்று ஏறியது. திரும்பியவர்களில் நம்மவர் பலர். ஊருக்குள் விடாதே என்ற பழைய குரல் சில இடங்களில் புதிய காரணத்தோடு ஒலித்தது. அப்போது நம் சங்கத்து இளைஞர்கள் பத்துப் பேர், கல்லூரி மூடியிருந்த நாளில், தெருத்தெருவாக ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நடந்தனர். வீட்டு எண், பெயர், வயது, காய்ச்சல் கண்ட நாள், மூச்சுத் திணறல் உண்டா இல்லையா என்று கோடு போட்டு எழுதினர். அரசுப் படிவத்திலும் ஏறத்தாழ அவைதாம் இருந்தன. ஆனால் அந்த நோட்டில் கடைசியாக ஒரு பத்தி கூடுதலாக இருந்தது. அதை யார் சொல்லிச் சேர்த்தனர் என்று கேட்டோம்; விடுதியில் சமைக்கும் அம்மாள் சொன்னாராம். பத்தியின் தலைப்பு, 'கஞ்சி கொடுப்பவர்'.

மகள், மருமகள், பக்கத்து வீட்டார் என்று அதில் எழுதியிருக்கிறது. முதல் வாரத்தில் ஏழு வீடுகளுக்கு நேராக அந்த இடம் வெறுமையாக இருந்தது. மறுநாள் காலை தூக்குச்சட்டி முதலில் போனது அந்த ஏழு வீடுகளுக்கு. அந்த நோட்டை இன்று கண்காட்சிக் கூடத்தில், வாசலுக்கு இடப்பக்கம் உள்ள மேசைமேல் வைத்திருக்கிறோம். பக்கங்கள் ஈரம் பட்டு ஒட்டிக்கொண்டுள்ளன. மெல்லப் புரட்டிப் பாருங்கள்.